எண்பத்து நான்காம் பக்கம்

2017-ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், புதுக்கோட்டை கீழராஜ வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் இருந்த பைண்டிங் கடைக்கு ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். குரூப் 4 தேர்வுக்கான தடித்த வழிகாட்டி நூல். வாங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. முன்பக்கத் தாள்கள் கொத்தாகக் கழன்றுவிட்டன. கடைக்காரப் பெரியவர் அதை வாங்கினார். விரித்துப் பார்க்கவில்லை. விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு முறை வருடினார். "எண்பது, எண்பத்தஞ்சு பக்கத்தோட வச்சிட்ட போலிருக்கே, தாயி" என்றார்.

எனக்கு முகம் சுண்டிவிட்டது. நான் நிறுத்தியிருந்தது எண்பத்து நான்காம் பக்கத்தில்.

எங்கள் ஊர் அன்னவாசல் பக்கம். பட்டப்படிப்பு முடித்துவிட்டு இரண்டு வருடமாகத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்வதைவிட, தொடங்கிக்கொண்டிருந்தேன் என்பதே சரி. கிளை நூலகத்தில் கதைப் புத்தகம் எடுப்பேன். அறுபது பக்கம் போகும். தவணைத் தேதி வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவேன். வீட்டு அலமாரியில் இருந்தவை எல்லாமே எங்கோ ஓரிடத்தில் பக்க முனை மடிக்கப்பட்டவை. "எதையும் முழுசா முடிக்க மாட்டா" என்பது அப்பாவின் வாய்ப்பாடு. அதை நானும் நம்பிவிட்டிருந்தேன். அந்த மறைவான குறையை யாரோ ஒரு பெரியவர் விரல் நுனியால் கண்டுபிடித்துவிட்டால் எப்படி இருக்கும்!

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். என் விரலைப் பிடித்து விளிம்பில் வைத்தார். முன்பகுதியில் தாள்கள் சற்றே ஊதி, பஞ்சு போல விட்டுக்கொடுத்தன. ஓரிடத்துக்குப் பிறகு பலகை போல இறுகியிருந்தது. "வாசிச்ச தாளு காத்துக் குடிச்சிருக்கும். வாசிக்காத தாளு அச்சாபீஸ்ல வெட்டுன மாதிரியே இருக்கும்." பிறகு முதுகைக் காட்டினார். தையலே இல்லாமல் பசையால் மட்டும் ஒட்டிய புத்தகம். நான் அழுத்தி விரித்துவைத்த இடத்தில் பசை பிளந்திருந்தது. "பாதியில வச்சதுல உன் பங்கு பாதி, இந்தப் பசையோட பங்கு பாதி. விரிச்சா நிக்காத புத்தகத்தோட எத்தனை நாள் மல்லுக்கட்ட முடியும்?"

அன்றுவரை என் அரைகுறை வாசிப்பில் வேறு எதற்கும் பங்கு உண்டு என்று ஒருவரும் சொன்னதில்லை. இரண்டு வாரம் கழித்து அவரிடமே வேலைக்குச் சேர்ந்தேன். உதவிக்கு இருந்த பையன் திருப்பூருக்குப் போய்விட்டிருந்தான். அவருக்கும் ஊசியில் நூல் கோக்கக் கண் ஒத்துழைக்காத வயது.

முதல் மூன்று மாதம் எதையும் கட்டவிடவில்லை. பிரிக்க மட்டும்தான். பழைய அட்டையை நீக்க வேண்டும். முதுகில் காய்ந்திருக்கும் வச்சிரப் பசையை ஈரத்துணி போட்டு இளக்கிச் சுரண்ட வேண்டும். பிறகு தையல் நூலை நடு மடிப்பில் அறுத்து, பாரம் பாரமாகப் பிரிக்க வேண்டும். பாரம் என்பது ஒரு பெரிய தாளில் அச்சடித்து மூன்று முறை மடித்த கட்டு. எட்டு இதழ், பதினாறு பக்கம். கையில் எடுத்தால் ஒரு சின்னக் குறிப்பேடு போல இருக்கும். புத்தகத்தின் உண்மையான உறுப்பு பக்கமல்ல, பாரம்தான். முந்நூற்று இருபது பக்க நாவல் என்பது கைக்கு இருபது பாரம். பழைய புத்தகங்களில் ஒவ்வொரு பாரத்தின் முதல் பக்கத்து அடியிலும் ஒரு சின்ன எண் அச்சாகியிருக்கும். நூற்றுக்கணக்கான புத்தகங்களைப் புரட்டியிருந்தும் அந்த எண்ணை நான் அதுவரை கண்டதே இல்லை.

பிரிப்பது எளிது என்றுதான் நினைத்தேன். முதல் வாரமே ஒரு பழைய மருத்துவ நூலின் நான்கு பாரங்களின் மடிப்பைக் கிழித்துவிட்டேன். வச்சிரம் இளகுமுன் இழுத்ததுதான் காரணம். பெரியவர் கோபப்படவில்லை, ஈரத்துணியை மறுபடி போட்டுவிட்டு, "டீ குடிச்சிட்டு வா" என்றார். திரும்பி வந்து தொட்டபோது வச்சிரம் வெல்லப்பாகு போல விரலோடு வந்தது. காத்திருப்பதும் ஒரு வேலை என்பது எனக்குப் புரிய மேலும் பல மடிப்புகள் கிழிய வேண்டியிருந்தது.

அந்த மூன்று மாதத்தில்தான், புத்தகங்கள் எங்கே கைவிடப்படுகின்றன என்பதைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். நூலகங்களிலிருந்து வரும் கட்டுகளில் அது பளிச்சென்று தெரியும். முதல் மூன்று பாரங்களின் ஓரம் வியர்வையும் எண்ணெயும் ஏறிப் பழுப்பாக இருக்கும். நான்காவதில் நிறம் குறையும். ஆறாவது, ஏழாவது பாரத்துக்குப் பிறகு பல புத்தகங்கள் வெளுப்பாகவே இருக்கும். சிலவற்றில் நடுப்பகுதி வெளுத்து, கடைசிப் பாரம் மட்டும் மறுபடி அழுக்காக இருக்கும். முடிவை மட்டும் எட்டிப் பார்த்தவர்களின் கை. இடையில் கிடைக்கும் பொருட்களோ சொல்லி மாளாது. அறந்தாங்கி பஸ் டிக்கெட், மயிலிறகு, காய்ந்த வேப்பிலை, ரேஷன் கடை ரசீது, குங்குமம் மடித்த தாள், தீக்குச்சி. ஒரு முறை ஒரு குழந்தையின் முதல் முடி என்று எழுதி மடித்த பொட்டலம்.

அவற்றையெல்லாம் நான் முதல் நாள் கூட்டிக் குப்பையில் போட்டேன். பெரியவர் குப்பைக் கூடையைக் கவிழ்த்து ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னார். "எந்தப் பக்கத்துல இருந்துச்சு?" எனக்குத் தெரியவில்லை. அன்று மாலை முழுவதும் தாள்களில் படிந்திருந்த தடங்களை வைத்து ஒவ்வொன்றின் இடத்தையும் தேடினேன். மயிலிறகு கிடந்த பக்கத்தில் ஒரு மங்கலான நிழல் இருந்தது. பஸ் டிக்கெட்டின் மை எதிர்ப்பக்கத்தில் ஒட்டியிருந்தது. கடையின் விதி அன்றுதான் எனக்குத் தெரிந்தது: பிரிக்கும்போது கிடைப்பதைப் பக்க எண் எழுதிய உறையில் போட வேண்டும். கட்டி முடித்த பிறகு அதே பக்கத்தில் திரும்ப வைக்க வேண்டும். "அவங்க அங்க நிறுத்தியிருக்காங்க. நாளைக்கு அங்கேயிருந்து எடுப்பாங்க. நீயும் நானும் யாரு அத முடிவு பண்ண?"

பசை காய்ச்சுவது அடுத்த பாடம். மைதாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து, சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ராமபாணப் பூச்சி அண்டாமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம். வெண்மை போய்க் கண்ணாடி போலத் தெளியும்போது இறக்க வேண்டும். பதம் பார்ப்பது விரலால்தான். இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் முதலில் வழுக்கி, ஒரு நொடி கழித்துப் பிடிக்க வேண்டும். உடனே பிடித்தால் கெட்டி. பிடிக்கவே இல்லையென்றால் நீர்த்தது. என் பசை மாதக்கணக்கில் கட்டி தட்டியது. கட்டியோடு ஒட்டிய அட்டையில் அம்மைத் தழும்பு போல மேடுகள் எழும்பும். அத்தனையையும் நனைத்து உரிக்கச் சொல்வார்.

காகிதத்துக்கு ஓட்டம் உண்டு என்பதைக் கற்றதுதான் எனக்குள் முதலில் விளக்கேறிய தருணம். தாளை ஒரு பக்கமாக வளைத்தால் சொன்னபடி கேட்கும்; மறுபக்கமாக வளைத்தால் முரண்டு பிடிக்கும். கிழித்தாலும் அப்படியே: ஓட்டத்தோடு கிழித்தால் நேராக வரும், எதிரே கிழித்தால் கோணலாகப் பிசிறடிக்கும். புத்தகத்தில் ஓட்டம் மேலிருந்து கீழாக, முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். மாறினால் பக்கங்கள் விறைத்து நிற்கும், புரட்டும்போது விசிறி போல எழும்பும், அட்டை வெயிலுக்கு முதலை வாய் போல வளையும். மாதக்கணக்கில் கண்ணால் தேடிக் காணாததை ஒரு நாள் மதியம் கண்ணை மூடிக்கொண்டு வளைத்தபோது கை உணர்ந்தது. பெரியவரிடம் சொன்னேன். "ம்" என்றார். அன்று மாலை ஊசியை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

தையல்தான் இந்தத் தொழிலின் உயிர். பாரத்தை நடுவில் விரித்து, மடிப்பிலேயே துளையிட்டு, மெழுகு தடவிய நூலை உள்ளே விட்டு வெளியே எடுத்து, கீழே உள்ள பாரத்தின் நூலோடு ஓரத்தில் ஒரு முடிச்சுப் போட்டு மேலேற வேண்டும். நூல் தளர்ந்தால் பாரங்கள் பல் ஆடுவது போல ஆடும். இறுகினால் மடிப்பை அறுத்துவிடும். சரியான இழுப்பை அவர் சொல்லித் தரவில்லை. என் கையின் மேல் தன் கையை வைத்து இழுத்துக் காட்டினார். பூக்கட்டும்போது காம்பு நசுங்காமல் முடி இறுகும் அளவு இருக்கிறதே, கிட்டத்தட்ட அதுதான்.

இன்னொரு தையலும் உண்டு. எல்லாத் தாளையும் அடுக்கி, பக்கவாட்டில் குத்தூசியால் துளைத்து, நூலை இறுக்கிக் கட்டிவிடுவது. விரைவில் முடியும், கல் போலக் கிடக்கும், பத்து வருடம் உழைக்கும். ஆனால் அந்தப் புத்தகம் விரியாது. உள் ஓரத்தைத் தையல் தின்றுவிடும். வரியின் கடைசி எழுத்துகள் பள்ளத்துக்குள் ஒளியும். இரண்டு கட்டைவிரலாலும் பிளந்து பிடித்துக்கொண்டுதான் வாசிக்க முடியும். சேர்ந்த ஆறாம் மாதம், பெரியவர் ஒரு கல்யாணத்துக்குப் பொன்னமராவதி போயிருந்த இரண்டு நாளில், நாற்பது நூலகப் புத்தகங்களை அப்படிப் பக்கத் தையல் போட்டு அடுக்கிவைத்தேன். பெருமையாக இருந்தது. மடிப்பு கிழிந்தவற்றுக்கு அது வழக்கமான வழிதான். கடைவீதியில் எல்லோரும் செய்வதுதான்.

வந்தவர் ஒரு புத்தகத்தை மேசையில் வைத்து நடுவில் விரித்தார். கையை எடுத்தார். அது பட்டென்று மூடிக்கொண்டது. அடுத்தது. அதுவும் மூடியது. நாற்பதையும் அப்படி ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசிப் புத்தகம் மூடியதும், "சாயங்காலம் அடுப்படி வேலை முடிஞ்சு, ஒரு கையில பிள்ளையைப் போட்டுக்கிட்டு வாசிக்கிற பொம்பளைக்கு ரெண்டு கட்டைவிரல் எங்கேருந்து வரும்?" என்று கேட்டார். "அவ பத்துப் பக்கத்துல வச்சிடுவா. வச்சிட்டு, நமக்குப் படிப்பு வராதுன்னு நினைச்சுக்குவா."

நாற்பதையும் பிரித்தேன். மடிப்பு கிழிந்த இதழ்களுக்கு மெல்லிய காகிதப் பட்டை ஒட்டி, மறுபடி இணையாக்கி, பாரமாக்கி, மடிப்பில் தைத்தேன். ஒன்றரை மாதம் பிடித்தது. ஆதாயம் எதுவும் இல்லை. அதை அவர் ஒருமுறைகூடச் சொல்லிக் காட்டவில்லை. அதற்குப் பிறகு அந்த மேசைச் சோதனைக்கு வைக்காமல் எந்தப் புத்தகத்தையும் கடையை விட்டு அனுப்பியதில்லை.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. இப்போதும் இரவில் சில நேரம் நினைவுக்கு வருவது.

திருமயத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். அகிலனின் 'சித்திரப்பாவை'யைக் கட்டக் கொடுத்திருந்தார். அகிலன் இந்த மாவட்டத்துப் பெருங்களூரில் பிறந்தவர். 1975-ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது அந்த நாவலுக்குத்தான். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் அது ஒரு குடும்பச் சொத்து போல இருக்கும். இளவயதில் படித்தது, இப்போது ஆற அமர மறுபடி படிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். நான்தான் கட்டினேன். மேசையில் விரிந்து நின்றது. அட்டை வளையவில்லை. என் கைக்கு அதுவரை அமைந்ததில் சிறந்தது என்று நினைத்துக் கொடுத்தனுப்பினேன்.

ஏழெட்டு மாதம் கழித்து வேறொரு வேலையாகக் கடைக்கு வந்தவரிடம், "சித்திரப்பாவை முடிச்சிட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டேன். அவர் சிரிக்க முயன்றார். "இல்லம்மா, பாதியிலயே வச்சிட்டேன். இப்பல்லாம் படிச்சது மனசுல நிக்க மாட்டேங்குது. யாரு எப்ப வந்தா, என்ன பேசுனாங்கன்னு கோவையே புரியல. எங்க அம்மாவுக்கும் கடைசிக் காலத்துல இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றார். அதற்குப் பிறகு வேறு எந்தப் புத்தகத்தையும் எடுக்கவில்லையாம்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை முதல் பேருந்தில் திருமயம் போனேன். கோட்டைக்குக் கீழே அவர் வீடு. புத்தகத்தைக் கேட்டு வாங்கி, திண்ணையிலேயே உட்கார்ந்து புரட்டினேன். தொண்ணூற்று ஆறாம் பக்கத்துக்கு அடுத்த பக்கம் நூற்றுப் பதின்மூன்று. ஏழாவது பாரமும் எட்டாவது பாரமும் இடம் மாறியிருந்தன. அவர் பக்க எண்ணைப் பார்க்கவில்லை. கதை தடுமாறியதும் அவர் சந்தேகப்பட்டது புத்தகத்தையல்ல, தன்னை.

காட்டினேன். என் பிழை என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கோட்டைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப என் புத்தி நல்லாத்தான் இருக்கா?" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

இந்தப் பிழையைத் தடுக்கும் வழியைப் பெரியவர் முதல் மாதமே சொல்லிக்கொடுத்திருந்தார் என்பதுதான் என்னை வாட்டியது. அட்டையை நீக்கி முதுகைச் சுத்தம் செய்ததும், பாரங்களைப் பிரிக்குமுன் அத்தனை முதுகின் மேலும் பென்சிலால் சாய்வாக ஒரே கோடு இழுக்க வேண்டும். தைப்பதற்கு அடுக்கும்போது அந்தக் கோடு உடையாமல் ஓட வேண்டும். ஒரு பாரம் இடம் மாறினாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு நொடி வேலை. கைதேர்ந்துவிட்டது என்று நினைத்து அதை விட்டிருந்தேன். பெரியவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் தன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து என்னிடம் கொடுத்தார். அது இப்போதும் என்னிடம் இருக்கிறது. விரல் நீளத்துக்குத் தேய்ந்துவிட்டது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அடித்தது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. நான்கு நாள் கழித்து, ஓடு பறந்த வீடுகளிலிருந்து சாக்கில் கட்டிய புத்தகங்கள் வரத் தொடங்கின. அரிசிக்கும் தார்ப்பாய்க்கும் அலைந்த நேரத்தில் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

நனைந்த புத்தகத்தை வெயிலில் காயவைக்கக் கூடாது. தாள் அலையலையாகச் சுருண்டுவிடும். நிழலில் நிறுத்தி, பத்துப் பதினைந்து பக்கத்துக்கு ஒரு செய்தித்தாளைச் செருகி, ஊறியதும் மாற்றி, மறுபடி செருக வேண்டும். இரண்டு மூன்று நாளுக்குள் ஈரத்தை எடுக்காவிட்டால் பூஞ்சை பூத்துவிடும். வந்தவற்றில் பாதி ஏற்கெனவே பூத்திருந்தன. மின்விசிறி ஓடாது, காற்று வரும் திசை பார்த்துத் திண்ணையில் அடுக்கினோம். நனைந்த தாளைத் தொடுவதே தனிப்பாடம். ஊறிய அப்பளம் போல, தூக்கினால் தன் எடையிலேயே கிழியும். பளபளப்பான தாளில் அச்சான படப் புத்தகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல்லாகிவிட்டன. அவற்றில் ஒன்றை, பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் பரிசுப் புத்தகம் அது, பொறுமையிழந்து பிளந்தேன். படத்தின் பாதி ஒரு பக்கத்திலும் மீதி எதிர்ப்பக்கத்திலுமாகப் பிய்ந்து வந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு, "பரவால்லக்கா" என்றாள். பரவாயில்லை என்று அவள் குரல் சொல்லவில்லை.

இதற்கெல்லாம் நடுவில் சில நல்ல நாட்களும் இருந்தன. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வ'னை வாராவாரம் பிரித்தெடுத்துத் தைத்து வைத்த கட்டு ஒன்று கொடும்பாளூர் பக்கமிருந்து வந்தது. அந்தக் கதையின் வானதி பிறந்த ஊர்க்காரர்கள் அல்லவா! அதில் ஒரு வாரத்து இதழ் தொலைந்துபோயிருக்க வேண்டும். அந்த அத்தியாயம் முழுவதையும் யாரோ நீல மையில் கையால் எழுதி, அதே அளவுக்குத் தாளை வெட்டி, இடையில் சேர்த்திருந்தார்கள். நடுவில் விட்டுப்போனதற்காகக் கதையையே விட மனமில்லாத ஒருவருடைய எழுத்து. அந்தத் தாள்களை மட்டும் இரட்டை நூலில் தைத்தேன்.

பெரியவர் என்னை ஒரு முறை திருக்கோகர்ணத்தில் உள்ள ஞானாலயாவுக்கு அழைத்துப்போனார். பள்ளி ஆசிரியராக இருந்த கிருஷ்ணமூர்த்தியும் கல்லூரிப் பேராசிரியையாக இருந்த டோரதியும், கணவனும் மனைவியுமாகத் தங்கள் சம்பாத்தியத்தைப் போட்டு வளர்த்த நூலகம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள். அவற்றில் எத்தனையோ முதற்பதிப்புகள். அந்த அடுக்குகளுக்கு நடுவில் நின்றபோது எனக்கு ஒன்று தோன்றியது. இவற்றை எல்லாம் ஒருவர் ஓர் ஆயுளில் வாசித்து முடிக்க முடியாது. முடிக்க முடியாது என்று தெரிந்தேதான் சேர்த்திருக்கிறார்கள். ஒரு ஆய்வாளருக்கு ஒரு நூலில் மூன்று பக்கம் வேண்டியிருக்கும். அந்த மூன்று பக்கத்துக்காக அறுபது வருடம் அந்த நூல் காத்திருந்திருக்கும். அவர் மீதியைப் படிக்கவில்லை என்று யார் குறை சொல்வார்கள்?

ஆய்வேடு கட்ட வந்த நூலகவியல் மாணவி ஒருத்தி, சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்து எழுதியதைச் சொன்னாள். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது ஒன்று. வாசகரின் நேரத்தைச் சேமி என்பது இன்னொன்று. நான் பெரியவரிடம் சொன்னேன். "நேரம் மட்டுமில்ல, கட்டைவிரலையும் சேமிக்கணும்னு எழுதியிருக்கலாம்" என்றார். அவர் அதை உண்மையாகவே சொன்னார். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

எட்டாம் வகுப்பு வரை படித்த அவர் வாசிப்பது ஒரு விதம். பசை காயும் நேரத்தில் எந்தப் பாரம் மேலே இருக்கிறதோ அதை எடுத்துப் படிப்பார். காய்ந்ததும் வைத்துவிடுவார். ஆயிரக்கணக்கான புத்தகங்களில் பதினாறு பதினாறு பக்கமாகப் படித்தவர். முழுதாக முடித்தவை ஒரு கை விரலுக்குள் அடங்கும் என்று சொன்னார். அதில் வெட்கம் இல்லை, பெருமையும் இல்லை. ஆனால் ஏதாவது ஒரு புத்தகத்தைப் பற்றி யார் பேசினாலும் அதிலிருந்து ஒரு காட்சியை, ஒரு வாக்கியத்தின் போக்கை, அவர் நினைவுகூர்ந்து சொல்வார். நானும் இப்போது பல புத்தகங்களை அப்படித்தான் படிக்கிறேன். மனம் ஒட்டாததை முப்பதாம் பக்கத்தில் வைத்துவிட்டு, வைத்த இடத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகுகிறேன். மனம் ஒட்டியதை விடிய விடியப் படித்து முடிக்கிறேன். அப்படி முடித்தவை இந்த ஆறேழு வருடத்தில் எண்ணிக்கையில் கூடியிருக்கின்றன.

அந்தக் குரூப் 4 வழிகாட்டியை நான் முடிக்கவே இல்லை. ஒற்றைத் தாள்களாக வெட்டப்பட்டிருந்ததை இரண்டிரண்டாகக் காகிதப் பட்டை கொண்டு இணைத்து, பாரங்களாக்கி, தைத்து, சிவப்புக் காலிகோ போட்டுக் கட்டினேன். எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்தேன். பாடத்திட்டம் பாதி மாறிவிட்டது என்றாலும் கணக்குப் பகுதி அப்படியேதான் இருக்கிறது என்றாள். ஒரு நாள் அவள் வீட்டுக்குப் போனபோது அந்தப் புத்தகம் கட்டிலில் விரிந்து கிடந்தது. இருநூற்றுப் பத்தாம் பக்கம்.

பெரியவர் இப்போது காலையில் மட்டும் வருகிறார். சாவி என்னிடம் இருக்கிறது.

போன ஆவணியில் வீட்டுப் பரண் மேலிருந்த தகரப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் அறிவொளிப் பாடப் புத்தகம் அகப்பட்டது. 1991-இல் இந்த மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது அம்மாவுக்குப் பதினெட்டு வயது. கல் குவாரியில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார். அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்பதை இயக்கத்தோடு சேர்த்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றார்கள். அம்மாவும் எழுத்தும் சைக்கிளும் ஒரே வருடத்தில் கற்றவர். சைக்கிள் இன்றும் ஓட்டுகிறார். புத்தகம் பாதியில் நின்றுவிட்டது.

"ஏம்மா பாதியில வச்சீங்க?"

"கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்துட்டேன். வகுப்பு அங்கதானே நடந்துச்சு."

விளிம்பை வருடிப் பார்த்தேன். முன்பகுதி ஊதியிருந்தது. நடுவில் ஒரு பாடத்துக்கு மேல் தாள்கள் இறுகியிருந்தன. அந்த இடத்தில், பொட்டு வைக்கும் அட்டையிலிருந்து கிழித்த ஒரு துண்டு. தாள்களைப் பிடித்திருந்த இரண்டு கம்பிப் பின்னும் துருவேறி, சுற்றிலும் காகிதத்தை அரித்திருந்தன. பின்களை நுணுக்கமாக நிமிர்த்தி எடுத்தேன். நடு மடிப்பில் அரிபட்ட இடங்களுக்குப் பட்டை ஒட்டினேன். ஐந்து துளையிட்டு, மெழுகு நூலால், காம்பு நசுங்காத இழுப்பில் தைத்தேன். பொட்டு அட்டைத் துண்டை அதே பக்கத்தில் வைத்தேன். மேசையில் விரித்துப் பார்த்துவிட்டு, பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அம்மா திண்ணையில் கடலை உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வைத்தேன். வாங்கிப் புரட்டி, பொட்டு அட்டை இருந்த இடத்தைக் கண்டார். இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு ஒரு வரியை எழுத்துக் கூட்டினார். பிறகு கடலைக் கூடையைப் பார்த்தார். இருட்டுவதற்குள் முடிக்க வேண்டிய கடலை. புத்தகத்தைத் தரையில் வைத்து, மூடிக்கொள்ளும் என்று எண்ணிக் கையை மெல்ல எடுத்தார். அது விரிந்தபடியே கிடந்தது. அம்மா கூடையை மடிக்கு இழுத்துக்கொண்டு, குனிந்து, அடுத்த வரிக்குப் போனார். கை உரித்துக்கொண்டே இருந்தது.